எந்தக் கிருமி என்று கேளுங்கள்

“கிருமித் தொற்று” என்று மருத்துவர் சொன்னதும் நோயாளியும் உடன் வந்தவரும் தலையசைத்துவிட்டு, மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுந்துவிடுவதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அந்தச் சொல் எல்லோருக்கும் விளங்கிவிட்டது போன்ற ஒரு நிறைவை அளிக்கிறது. ஆனால் அது விளக்குவது மிகக் குறைவு. வடமொழியில் புழுவைக் குறித்து வழங்கிய சொல் அது. தமிழில் இன்று பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி ஆகிய அனைத்தையும் ஒரே பையில் போட்டுக் கட்டுவதற்குப் பயன்படுகிறது. பையில் இருப்பவை எல்லாம் ஒரே சரக்கு என்று எண்ணுகிறவர், ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் போதும் என்றும் எண்ணிவிடுகிறார். அங்கேதான் இடர் தொடங்குகிறது.

இந்த இதழில் அவற்றுள் இரண்டை மட்டும், பாக்டீரியாவையும் பூஞ்சையையும், எடுத்துக்கொள்கிறோம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கல்லூரிப் பாடம் என்று பலர் கருதுகின்றனர். நோயாளியும் அவரைப் பேணுகிறவரும் அறிந்தே இருக்க வேண்டிய வேறுபாடு இது என்பது எங்கள் கருத்து. அதற்கு நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு நோயே சான்றாக நிற்கிறது.

மருத்துவ நூல்களில் ‘மதுரைக் கால்’ என்று ஒரு நோய் உண்டு. யானைக்கால் நோயோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. யானைக்கால் கொசுவால் பரவும் நுண்புழுக்களால் வருவது. மதுரைக் கால், வெறுங்காலோடு வயலிலும் முட்காட்டிலும் நடப்பவரின் பாதத்தில் முள்ளோ சிராயோ குத்திய இடத்தில் மெல்லத் தொடங்குகிறது. முதலில் வலியில்லாத ஒரு தடிப்பு. மாதங்கள் செல்லச் செல்லப் பாதம் வீங்கும். பிறகு பல துளைகள் வழியாக நீரும் சீழும் கசியும். அக்கசிவில் கடுகினும் சிறிய மணிகள் வெளிவரும். வலி குறைவாக இருப்பதாலேயே மக்கள் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர். அதற்குள் நோய் எலும்பை எட்டிவிடுகிறது. 1842ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இந்நோயை எழுதிவைத்தார். 1860களின் தொடக்கத்தில் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் இதை ஆராய்ந்து, இது பூஞ்சையால் வருவது என்று முடிவு செய்து, ‘பூஞ்சைக் கட்டி’ என்று பொருள்படும் ‘மைசிட்டோமா’ என்னும் பெயரைச் சூட்டினார். உலகப் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் அவரே.

கார்ட்டர் சொன்னது பாதி உண்மைதான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே, அச்சு அசலாக அதே வீக்கத்தையும் அதே துளைகளையும் அதே மணிகளையும் உண்டாக்கும் இன்னொரு வகை இருப்பதும், அதற்குக் காரணம் நூலிழை போல வளரும் பாக்டீரியா என்பதும் தெரியவந்தது. இன்று அந்தப் பாக்டீரியாவின் அறிவியல் பெயர் ‘ஆக்டினோமதுரா’. நோயை உண்டாக்கும் முதன்மையான பூஞ்சையின் பெயர் ‘மதுரெல்லா’. ஒரே ஊரின் பெயர் இரண்டு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது. பெயரில்தான் இந்த ஒற்றுமை. பாக்டீரியா வகைக்கு உரிய மருந்துகளை மாதக்கணக்கில் முறையாகக் கொடுத்தால் பெரும்பாலோர் காலைக் காப்பாற்றிக்கொள்கின்றனர். பூஞ்சை வகைக்கு ஓராண்டோ அதற்கு மேலோ வேறு மருந்து தர வேண்டும். அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும். அதன் பிறகும் காலை இழந்தவர் பலர். சூடானில் பூஞ்சை வகை மிகுதி, மெக்சிகோவில் பாக்டீரியா வகை மிகுதி. ஆகவே இரு நாட்டிலும் அதே வீங்கிய பாதத்தோடு வருகிறவரின் எதிர்காலம் வெவ்வேறாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில்தான் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மதுரையில் எழுதிவைக்கப்பட்டு 174 ஆண்டுகள் ஆன பிறகு!

எது எந்த வகை என்று எப்படி அறிவது? வெளிவந்த மணியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். இழைகள் ஒரு மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ மெலிந்திருந்தால் பாக்டீரியா. அதைவிடப் பல மடங்கு தடித்து, இடையிடையே குறுக்குச் சுவர்களோடு இருந்தால் பூஞ்சை. ஒருவருடைய கால் இருப்பதும் போவதும் இந்தச் சில மைக்ரோமீட்டர் வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்.)

இத்தனை வேறுபாடு ஏன்? வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்கலாம். அரைத்து வைத்த இட்லி மாவு இரவில் பொங்குகிறது. அதற்கு முதன்மைக் காரணம் பாக்டீரியா. பால் தயிராவதும் பாக்டீரியாவால்தான். ரொட்டி மாவு உப்புவது ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் பூஞ்சையால். ஈரக் கரண்டி பட்ட ஊறுகாயின் மேல் பூக்கும் பூஞ்சணமும், மறந்துபோன எலுமிச்சம்பழத்தின் மேல் படரும் பச்சைத் தூளும் பூஞ்சை. மழைக்குப் பின் முளைக்கும் காளான் அதே குலத்தின் பெரிய உறுப்பினர்.

பாக்டீரியா மிக எளிய வீடு. ஒரே அறை, உள்ளே கருவறை என்று தனியாகத் தடுத்த இடம் கிடையாது, மரபுப்பொருள் நடுக்கூடத்திலேயே சுருண்டு கிடக்கும். பூஞ்சையின் செல்லில் உட்கருவும் அதைச் சூழ்ந்த உறையும் உண்டு. ஆற்றலை உண்டாக்கும் பகுதிகள் தனித்தனியே உண்டு. இந்த அமைப்பில் அது நம்முடைய செல்லை ஒத்திருக்கிறது. காளானைத் தாவரத்தோடு சேர்த்து எண்ணுவது நம் வழக்கம்; உயிரினங்களின் வம்சாவளியைப் பார்த்தால் பூஞ்சை செடிகொடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு. பங்காளி பகையானால் சண்டை கடினம் என்பார்கள். பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பதில் உள்ள கடினமும் அதுவே. பாக்டீரியாவிடம் இருந்து நம்மிடம் இல்லாத உறுப்புகள் பல. அவற்றைக் குறிவைத்து அடித்தால் நமக்கு அவ்வளவாகத் தீங்கில்லை. பூஞ்சையை அடிக்கும் அடி சில வேளைகளில் நம்மேலும் விழுகிறது. ஆம்போடெரிசின் என்னும் பூஞ்சைக்கொல்லி ஊசி போடப்படும் நோயாளிக்கு நாள் தவறாமல் சிறுநீரகச் செயல்பாட்டையும் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் சோதிப்பதன் காரணம் இதுதான். “மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்களே” என்று வருந்தும் உறவினர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

செல்லின் புறச்சுவரிலும் வேறுபாடு உண்டு. பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் பொருள் அதற்கே உரியது. பென்சிலினும் அதன் வழிவந்த மருந்துகளும் அந்தக் கட்டுமானத்தைத் தடுப்பவை. பூஞ்சையின் சுவரிலோ, இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கிற கைட்டின் இருக்கிறது. அந்தச் சுவரைப் பென்சிலின் தொடுவதே இல்லை. தொட்டால் வியப்புத்தான், ஏனெனில் பென்சிலினே ஒரு பூஞ்சையின் சரக்கு! 1928ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டது, பாக்டீரியா வளர்த்த தட்டில் வந்து விழுந்த பூஞ்சணம் தன்னைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்களை அழித்திருந்ததையே. இதன் மறுபுறமும் சுவையானது. பூஞ்சைக்கு எதிரான பழைய மருந்துகளாகிய நிஸ்டாட்டின், ஆம்போடெரிசின், நாட்டமைசின் ஆகிய மூன்றும் மண்ணில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து பெறப்பட்டவை. நிஸ்டாட்டினைக் கண்டெடுத்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிவியலாளர். தாங்கள் பணியாற்றிய நியூயார்க் மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தனர். மண்ணுக்குள் இந்த இரு குலங்களும் நெடுங்காலமாகப் போரிட்டு வந்துள்ளன. நாம் இரு தரப்பினரிடமும் ஆயுதம் கடன் வாங்கியிருக்கிறோம். யாருடைய ஆயுதம் யார்மீது பாயும் என்பதை மறந்துவிட்டு அதை வீசுவதில் பொருளில்லை.

இனி, நம் பகுதியில் அன்றாடம் இழப்பை உண்டாக்கும் இரண்டு இடங்களுக்கு வருகிறோம். முதலாவது கண்.

அறுவடையின்போது நெற்கதிரின் சுணையோ கரும்புத் தோகையின் விளிம்போ கருவிழியைக் கீறிவிடுகிறது. கீறல் சிறிது, மறுநாள் கண் சிவந்து நீர் வடிகிறது. கருவிழியில் புண் உண்டாகிவிட்டது. குளிர் நாடுகளில் இத்தகைய புண்ணுக்குப் பெரும்பாலும் பாக்டீரியா காரணம். தென்னிந்தியாவில் அப்படியல்ல. மதுரையில் 1990களில் செய்யப்பட்ட ஆய்வில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தன. மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சைகள் கீறலோடு கீறலாக உள்ளே சென்றுவிடுகின்றன. அனுபவமிக்க கருவிழி மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் எது என்று சொல்லிவிடுவார் என்று நாம் நம்புகிறோம். அதையும் ஒரு முறை சோதித்தார்கள். கருவிழிப் புண்களின் நிழற்படங்களை வல்லுநர்களிடம் காட்டி, பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டபோது, சரியான விடை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. கண்ணையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்நிலை என்றால், மருந்துக்கடை மேசைக்கு அப்பால் நின்று “சிவப்புக் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து” எடுத்துக் கொடுக்கிறவர் எதைக் கண்டு கொடுக்கிறார்?

அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கேடு இரட்டிப்பாகிறது. ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும்; வலியைக் குறைக்கும்; கண் தேறிவிட்டது என்ற நம்பிக்கையைத் தரும். உள்ளே பூஞ்சையை எதிர்த்து நின்ற உடலின் காவலும் அதே வேகத்தில் அடங்கிப்போகிறது. ஒரு வாரம் கழித்து அவர் எங்களிடம் வரும்போது கருவிழி வெண்மையாக மூடியிருக்கும். கண்ணில் தாய்ப்பாலையோ விளக்கெண்ணெயையோ விடுவதைப் பற்றி ஊரில் நாம் நிறையப் பேசிக் கண்டித்திருக்கிறோம், கண்டிக்கத்தான் வேண்டும். எங்கள் பார்வையில், வீட்டு அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் ஸ்டீராய்டுச் சொட்டு மருந்து அவற்றைவிடக் கொடியது. அது மருத்துவத்தின் உடையை அணிந்து வருவதால் யாரும் ஐயுறுவதில்லை.

இந்தத் துறையில் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க ஒன்றும் உண்டு. பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்குப் பழைய நாட்டமைசின் சிறந்ததா, புதிய வோரிகோனசோல் சிறந்ததா என்னும் கேள்விக்கு உலகமே ஏற்றுக்கொண்ட விடை, மதுரை, கோவை, புதுச்சேரி ஆகிய இடங்களிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலிருந்து 2013ஆம் ஆண்டில் கிடைத்தது. பழைய மருந்தே வென்றது. நம் வயல்களில் கண்ணில் அடிபட்டவர்கள் அந்த ஆய்வில் பங்கேற்றதனால்தான் இன்று பிற நாட்டாருக்கும் சரியான சிகிச்சை கிடைக்கிறது.

இரண்டாவது இடம் தோல். படர்தாமரை என்று நாம் அழைப்பது பூஞ்சை. தேமலும் பூஞ்சையே. தண்ணீரிலே நின்று வேலை செய்பவரின் கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணிலும் பெரும்பாலும் பூஞ்சைக்குப் பங்குண்டு. குழந்தையின் முகத்தில் தேன்நிறப் பொருக்கோடு பரவும் புண், மயிர்க்காலில் சீழ் கோக்கும் கட்டி, திடீரென்று சிவந்து வீங்கிச் சுடும் கால் ஆகியவை பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. அக்கி இரண்டிலும் சேராது, அது வைரஸ். இவ்வளவையும் ‘தோல் கிருமி’ என்று ஒரே பெயரால் அழைத்து, ஒரே களிம்பைத் தடவுவது நம் நாட்டில் எங்கும் வழக்கமாகிவிட்டது. அந்தக் களிம்பு எது என்று பலருக்கும் தெரியும்: பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, அரிப்புக்கு வீரியமிக்க ஸ்டீராய்டு ஒன்று என மூன்றையோ நான்கையோ ஒரே குழாயில் அடைத்தது. எதுவாக இருந்தாலும் ஏதேனும் ஒன்று வேலை செய்யும் என்பது அதன் தத்துவம். அறியாமையை மருந்தாக்கி விற்பது என்று நாங்கள் இதைச் சொல்வோம்.

அந்தக் களிம்பை நாடுகிறவரை நாங்கள் குறை கூறவில்லை. தொடையிடுக்கிலும் இடுப்பிலும் இரவெல்லாம் அரித்துத் தூக்கத்தைக் கெடுக்கும் படர்தாமரை எத்தகைய துன்பம், அதை வெளியே சொல்வதற்கு எவ்வளவு கூச்சம் என்பதை அறிவோம். களிம்பு தடவிய இரண்டாம் நாள் அரிப்பு அடங்குகிறது. ஐந்தாம் நாள் சிவப்பு மறைகிறது. நிறுத்தினால் பத்து நாளில் மீண்டும் வருகிறது, முன்னைவிடப் பரந்து. மீண்டும் அதே குழாய். ஆறு மாதத்தில் வட்டத்தின் விளிம்பு கலைந்து, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாத உருவம் கொள்கிறது. தோல் மெலிந்து, பிரசவத்துக்குப் பின் வயிற்றில் தோன்றுவது போன்ற வரிகள் தொடையில் விழுகின்றன; அவை மறைவதில்லை. ஒரே துண்டையும் ஒரே படுக்கையையும் பகிர்வதால் வீட்டில் ஒவ்வொருவராகப் பற்றிக்கொள்கிறது. ஸ்டீராய்டு கலந்த பல களிம்புகளை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் விதித்தது. விதி இருக்கிறது, குழாயும் கிடைக்கிறது.

இதன் விளைவு நம் வீட்டோடு நிற்கவில்லை. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020ஆம் ஆண்டில் சூட்டப்பட்ட அறிவியல் பெயரில் இந்தியாவின் பெயர் இருக்கிறது: ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’. 2023இல் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. மதுரையின் பெயர் நோய்க்குப் போனதாவது ஊழ். அங்கே முதலில் கண்டு எழுதினார்கள், அவ்வளவே. இந்தப் பெயரில் நம் கைவேலைக்கும் பங்கு உண்டு என்று தோல் மருத்துவர் பலர் கருதுகின்றனர். நாங்களும் அவ்வாறே கருதுகிறோம்.

மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பற்றியும் ஒரு சொல். நம் வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் பாக்டீரியாவும் சிறிதளவு பூஞ்சையும் அமைதியாகக் குடியிருக்கின்றன. பாக்டீரியாக் கூட்டம் பூஞ்சையைத் தலையெடுக்க விடுவதில்லை. வீரியமான நுண்ணுயிர் எதிரி மருந்தை, அதாவது ஆன்டிபயாட்டிக்கை, நீண்ட நாள் கொடுக்கும்போது தேவையான அந்தக் கூட்டமும் மடிகிறது. காலியான மனையில் பூஞ்சை குடிசை போடுகிறது. நாக்கிலும் உட்கன்னத்திலும் தயிர் ஒட்டியது போன்ற வெண்திட்டுகள் தோன்றுவதும், பெண்களுக்கு அரிப்போடு வெள்ளைப்படுவதும் பெரும்பாலும் இதனால்தான். உணவு ஊட்டுகிற மகளோ மனைவியோதான் இதை முதலில் காண்பார். பார்த்ததும் செவிலியரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்கும்படி நாங்கள் வற்புறுத்துவதும் இதே காரணத்தால். இத்தகைய நேரத்தில் “இன்னும் வலுவான ஆன்டிபயாட்டிக் போடுங்கள்” என்று குடும்பத்தார் கேட்பது நெருப்புக்கு நெய்.

2021இல் கண்ட துயரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோவிட் நோய்க்கு ஸ்டீராய்டு பெற்றவர்களிடம், அதிலும் சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களிடம், மியூக்கார்மைக்கோசிஸ் பரவலாகத் தோன்றியது. மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. ஜூன் இறுதிக்குள் நாடு முழுவதும் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தனர். ‘கருப்புப் பூஞ்சை’ என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தப் பெயரைக் கேட்டு வெங்காயத் தோலின் மேலிருக்கும் கரும்பொடியைப் பார்த்து மக்கள் அஞ்சினர். வெங்காயத்தில் இருப்பது வேறு பூஞ்சை. நோயை உண்டாக்கியதும் கருப்பு நிறமுடையதன்று. அது இரத்தக் குழாயை அடைத்துவிடுவதால் செத்துப்போகும் நம் தசையே கறுக்கிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதுமில்லை. வெங்காயத்துக்கு அஞ்சிய வீடுகளில் சர்க்கரை அளவைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பதே எங்களுக்கு வருத்தம்.

இப்போது சோதனைக்கு வருவோம். ஆய்வகத்தின்மேல் நோயாளிகளுக்குள்ள மனக்குறை எங்களுக்குத் தெரியும்: “சாம்பிள் எடுத்து நான்கு நாளாயிற்று, இன்னும் முடிவு வரவில்லை.” சாதாரணப் பாக்டீரியா ஓரிரு நாளில் வளர்ப்புத் தட்டில் தென்படும், எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க மேலும் ஒரு நாள் பிடிக்கும். தோல் பூஞ்சை வளர இரண்டு முதல் நான்கு வாரம் தேவை. (விதிவிலக்கும் உண்டு: காசநோய் பாக்டீரியா, பூஞ்சையைவிடச் சோம்பேறி.) அவை வளர்வதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தை நாங்கள் விரட்ட முடியாது. ஆனால் வளரும்வரை கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய தேவையும் இல்லை. சுரண்டி எடுத்த தோல் செதிலின் மேல் ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இழை இருக்கிறதா என்பது பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். செலவு மிகச் சொற்பம். சளிச் சோதனைக்காகவும் மலேரியாவுக்காகவும் நுண்ணோக்கி வைத்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் நம் மாநிலத்தில் எத்தனையோ. அங்கெல்லாம் இந்தச் சோதனையும் வழக்கமாக நடைபெற வேண்டும் என்று கருதுகிறோம். கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறார். செதிலைத் தகட்டில் வைக்கும் பழக்கம் மட்டும் பரவவில்லை.

மருத்துவருக்கு நேரமில்லை என்ற மறுப்பு வரும். வெளிநோயாளிப் பிரிவில் ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கிறவரிடம் ஒவ்வொருவருக்கும் நுண்ணுயிரியல் வகுப்பு நடத்தச் சொல்வது நியாயமில்லை. நாங்கள் கேட்பது அதனினும் சிறிது. தொற்றுக்காக எழுதப்படும் ஒவ்வொரு மருந்துச் சீட்டிலும் தமிழில் ஒரே ஒரு சொல் சேரட்டும்: பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ், அல்லது ‘இன்னும் தெரியவில்லை’. கடைசிச் சொல்லை எழுத எந்த மருத்துவரும் கூசத் தேவையில்லை. மூன்று தரப்புக்கும் சேர்த்து மருந்து எழுதுவதைவிட அது நேர்மையானது. அந்தச் சொல் சீட்டில் இருந்தால், அடுத்த முறை வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்க்கும்போது எங்கே தொடங்குவது என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டார் “எனக்கும் இதே மாதிரி இருந்தது, இந்த மாத்திரை போடு” என்று நீட்டும்போது, “எனக்கு வந்தது பூஞ்சை” என்று மறுக்க நோயாளிக்கும் ஒரு பிடி கிடைக்கும். மருத்துவர் எழுதாவிட்டால் நீங்களே கேட்கலாம். “ஐயா, இது எந்தக் கிருமி?” என்று கேட்பதில் அவமதிப்பு ஏதுமில்லை. கேட்டதற்காகச் சினங்கொள்ளும் மருத்துவர் இருந்தால், சினம் அவருடைய குறை.

படர்தாமரைக்கு மருந்து தொடங்கியவர்கள் இன்னொன்றை மனத்தில் வைக்க வேண்டும். பாக்டீரியாத் தொற்றுக்கான மருந்தைப் பெரும்பாலும் நாட்கணக்கில் தருகிறோம். பூஞ்சைக்கு வாரக்கணக்கில் தருகிறோம், நகத்தில் இறங்கிவிட்டால் மாதக்கணக்கில். தடம் மறைந்தது கண்டு தாமாகவே நிறுத்துகிறவர் பாதிக் களையைப் பிடுங்கிவிட்டு வீடு திரும்பிய உழவர். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்கள் அனைவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெறாவிட்டால் அந்த மருந்துச் செலவு வீண். இதைச் சொல்லக் கூச்சப்படும் மாமியாரையும் விடுதியில் படிக்கும் மகனையும் அழைத்துவரும் பொறுப்பு வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டியதாகிறது. பெரும்பாலும் அது தாயாக இருக்கிறார். தந்தையரும் ஏற்கலாம்.

தோல் பிரிவுக்கோ கண் பிரிவுக்கோ வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனைக்கு வரும் நாளில் புண்ணின் மேலோ தடிப்பின் மேலோ களிம்பு எதையும் பூசி வராதீர்கள். பூஞ்சைக் களிம்பு ஏற்கெனவே பூசியிருந்தால், இழை கண்ணுக்குச் சிக்காமல் போகலாம் என்பதால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். இதுவரை பயன்படுத்திய மாத்திரை அட்டை, களிம்புக் குழாய், சொட்டு மருந்துப் புட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், கடையில் கேட்டு வாங்கியதாக இருந்தாலும், பக்கத்து வீட்டார் கொடுத்ததாக இருந்தாலும். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். தீர்ந்துபோய் நசுங்கிய குழாயாக இருப்பினும் பரவாயில்லை. மேலே அச்சிட்ட பெயர் படிக்கும்படி இருந்தால் போதும்.